ஊர் பார்த்து, வேளை பார்த்து: வியட்நாமில் வட்டார உணவு

வியட்நாமில் நன்றாகச் சாப்பிட ஒரு விதி போதும். எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊர்ப் பண்டத்தை, அது விற்கும் வேளையில், அதை மட்டுமே செய்கிற கடையில் சாப்பிடுங்கள். இந்த விதியை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். வடக்கே சீன எல்லையிலிருந்து தெற்கே கா மாவ் முனை வரை ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் நீளம். நடுவில் ஓரிடத்தில் நாட்டின் அகலமே சுமார் 50 கிலோமீட்டர்தான். இந்த நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஜனவரியில் ஹனோயில் ஸ்வெட்டர் வேண்டும். அதே வாரம் சைகோனில் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. குளிர்காலம் உள்ள வடக்கில் சமையல் அடக்கமானது. தெளிந்த சூப், மிளகு, வினிகர், சதகுப்பைக் கீரை என்று போகும். சர்க்கரையும் தேங்காயும் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. நடுப்பகுதியில் வயல் குறைவு, புயலும் வெள்ளமும் ஆண்டுதோறும் உண்டு. அங்கே உப்பும் உறைப்பும் தூக்கல், பரிமாறும் அளவு சிறியது. தெற்கில் மேகோங் ஆறு அள்ளிக் கொடுக்கிறது. தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் தாராளம். கீரைத் தட்டு நிறைந்து வழியும்.

ஹோய் ஆன் ஆற்றங்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கான உணவகத்தில் உட்கார்ந்தால் எழுபது எண்பது பண்டங்கள் உள்ள, படம் போட்ட மெனு அட்டை வரும். ஹனோயின் ஃபொ, ஹுவேயின் பூன் போ, சைகோனின் கொம் தம், போதாக்குறைக்கு பீட்சா. அங்கே எதுவும் கெட்டுப்போனதாக இருக்காது. எதுவும் அதனதன் ஊர் ருசியிலும் இருக்காது. ஒரு வாரம் இப்படிச் சாப்பிட்டுவிட்டு வந்து, "வியட்நாம் சாப்பாடு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வியட்நாமுக்குப் போயும் வியட்நாமில் சாப்பிடவில்லை.

கடையைக் கண்டுபிடிப்பது

நல்ல கடை ஒரே பண்டத்தைச் செய்யும். பலகையில் பண்டத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் கடைக்காரரின் பெயரோ கதவு எண்ணோ இருக்கும். அடுப்பு பின்கட்டில் இருக்காது, தெருவைப் பார்த்தபடி முன்னால் இருக்கும். மெனு அட்டை இருக்காது. உட்கார்ந்தால் "எத்தனை கிண்ணம்?" என்று விரலைக் காட்டிக் கேட்பார்கள். மாட்டெலும்புச் சூப்பை இரவு முழுக்கக் கொதிக்க வைக்கிற வீட்டுக்கு இன்னொரு பண்டம் செய்ய நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. பாத்திரம் காலியானால் கடை மூடிவிடும்.

அதனால் வேளைதான் முக்கியம். காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் ஃபொ, பூன் போ, பான் குவோன், ஒட்டரிசிச் சோறான சோய், தெற்கே கொம் தம். பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை ஹனோயில் பூன் சா. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் பான் பெயோ, பான் செயோ போன்ற பலகாரங்களும் செ என்னும் இனிப்பும். இருட்டிய பிறகு நத்தை, சிப்பி, சுட்ட மீன். பூன் சாவுக்குப் பேர்போன தெருவில் இரவு எட்டு மணிக்குப் போய் நின்றால், அங்கே இரவிலும் கிடைப்பது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்ததாக இருக்கும்.

மிஷலின் வழிகாட்டி 2023-இல் ஹனோய்க்கும் சைகோனான ஹோ சி மின் நகருக்கும் வந்தது. அடுத்த ஆண்டு டா நாங் சேர்ந்தது. அதன் பட்டியலில் தெருக்கடைகளும் உண்டு என்பது நல்ல செய்தி. ஆனால் பட்டியலில் ஏறிய கடையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி, அதே பண்டத்தை உள்ளூர்க்காரர்கள் நிறைந்த கடை ஒன்று விற்கும். நான் அங்கேதான் உட்காருவேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஜூலை 1 முதல் வியட்நாமின் 63 மாகாணங்களும் மாநகரங்களும் 34 ஆகச் சுருக்கப்பட்டன. மாவட்ட நிர்வாகமும் எடுக்கப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் உள்ள "மாவட்டம் 1, மாவட்டம் 4" போன்ற முகவரிகளை மக்கள் இன்னும் பேச்சில் வைத்திருக்கிறார்கள், புதிய பலகைகளில் காணோம். குவாங் நாம் மாகாணம் டா நாங்கோடு சேர்ந்துவிட்டது. அதன் பெயர் கொண்ட நூடுல்ஸான மீ குவாங் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது. கடையைத் தேடும்போது தெருப் பெயரையும் கதவு எண்ணையும் வைத்துத் தேடுங்கள்.

ஹனோயும் வடக்கும்

ஃபொவை ஹனோயில்தான் முதலில் சாப்பிட வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹனோய், நாம் டின் பகுதிகளில் உருவான பண்டம் இது. அன்னாசிப்பூ, பட்டை, கருப்பு ஏலக்காய், தீயில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும் போட்ட சூப், பட்டையான அரிசி நூடுல்ஸ், மேலே வெங்காயத்தாள். மேசையில் பூண்டு ஊறிய வினிகரும் மிளகாயும் இருக்கும், அவ்வளவுதான். பலர் எண்ணெயில் பொரித்த நீளமான குவாய் துண்டுகளை அதில் தோய்த்துத் தின்பார்கள். சைகோனில் அதே பெயரில் வருவது வேறு: முளைகட்டிய பயறு, திருநீற்றுப்பச்சிலை, ரம்பம் போன்ற விளிம்புள்ள மல்லி இலை, இனிப்பு சாஸ் எல்லாம் கூட வரும், சூப்பும் இனிக்கும். எது உயர்ந்தது என்று வியட்நாமியரே சண்டை போடுவார்கள். எனக்கு ஹனோய்க் கிண்ணம்தான். அதில் சூப்பின் சுவை ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் ஃபொவை விட்டுவிட வேண்டியதில்லை. கோழி ஃபொ என்பது தனி வகை, அதற்கென்று தனிக் கடைகள் உண்டு. மாட்டு ஃபொவும் கோழி ஃபொவும் சேர்த்து விற்கும் கடையில் சூப் ஒன்றாகவே இருக்கலாம். அதனால் கோழி ஃபொ மட்டும் விற்கும் கடைக்குப் போங்கள்.

பான் குவோன் செய்வதை நின்று பார்க்க வேண்டும். வாயகன்ற பானையில் தண்ணீர் கொதிக்கிறது. வாயில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கடைக்கார அம்மா ஒரு கரண்டி அரிசிமாவைத் துணியில் ஊற்றி, கரண்டியின் அடியாலேயே வட்டமாகப் பரப்பி மூடியைப் போடுகிறார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, மூடியைத் திறந்து ஒரு மூங்கில் குச்சியை அடியில் நுழைத்து, அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிய தாளை அப்படியே தூக்கி எண்ணெய் தடவிய தட்டில் விரிக்கிறார். அடுத்த கரண்டி மாவு ஏற்கெனவே துணியில் விழுந்துவிட்டது. விரித்த தாளில் அரைத்த பன்றியிறைச்சியும் மரக்காளானும் வைத்துச் சுருட்டி, வறுத்த வெங்காயம் தூவித் தருகிறார். தான் சீ என்ற இடத்துப் பாணியில் உள்ளே எதுவும் வைப்பதில்லை, வெறும் தாள்தான். இறைச்சி வேண்டாதவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம்; தொட்டுக்கொள்ளத் தரும் கிண்ணத்தில் மீன் சாறு இருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

பூன் சா பன்றியிறைச்சிப் பண்டம். கரியடுப்பில் சுட்ட துண்டுகளை இனிப்பும் புளிப்புமான சாற்றில் போட்டு, பூன் என்னும் மெல்லிய அரிசி நூடுல்ஸையும் கீரைகளையும் அதில் தோய்த்துச் சாப்பிடுவது. 2016-இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் சமையல் எழுத்தாளர் அந்தோணி போர்டெய்னும் ஹனோயில் குட்டை பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சாப்பிட்டது உலகமெங்கும் செய்தியானது. மாடும் பன்றியும் வேண்டாம், மீன் சரி என்பவர்களுக்கு ஹனோயில் என் பரிந்துரை சா கா. மஞ்சள் தடவிய மீன் துண்டுகளை மேசைமேலேயே சிறு வாணலியில் போட்டு, கைநிறையச் சதகுப்பைக் கீரையும் வெங்காயத்தாளும் சேர்த்துப் புரட்டித் தருவார்கள். இந்தப் பண்டத்தின் பெயரிலேயே பழைய ஹனோயில் ஒரு தெரு இருக்கிறது.

அதோடு வரும் மாம் தோம் என்னும் இறால் விழுதைக் கண்டு பின்வாங்காதீர்கள். ஊதா நிறம், கடுமையான வாடை. அதில் சிறு எலுமிச்சையைப் பிழிந்து, சர்க்கரையும் மிளகாயும் சேர்த்து, நுரை கட்டும்வரை சாப்ஸ்டிக்கால் அடித்தால் வாடை அடங்கிவிடும். கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது கஷ்டமே இல்லை.

முட்டைக் காபியும் ஹனோயின் சொத்து. 1946-இல் பால் கிடைக்காத நாளில், மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்த நுயென் வான் ஜியாங், மஞ்சள் கருவை அடித்துக் காபிமேல் ஊற்றிச் செய்தது. அவர் குடும்பத்துக் கடை இன்றும் நடக்கிறது. இலையுதிர் காலத்தில், செப்டம்பர் முதல் நவம்பர் வரை, தெருவில் தாமரை இலையில் பொதிந்த பச்சை நிற இளம் அவல் விற்பார்கள். கோம் என்று பெயர். சைவம்தான், பார்த்தவுடன் வாங்குங்கள், மறுநாள் காய்ந்துவிடும்.

வடக்கு மலைப் பகுதிகளில் மூங்கிலில் வேகவைத்த ஒட்டரிசிச் சோறு நன்றாக இருக்கும். பாக் ஹா ஞாயிற்றுச் சந்தையில் பெரிய அண்டாவில் கொதிப்பது குதிரையிறைச்சி. கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஹுவேயில் கூடுதலாக ஒரு நாள்

பயணத் திட்டத்தில் ஹுவேக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கியிருந்தால் அதை இரண்டாக்குங்கள். 1802 முதல் 1945 வரை நுயென் அரசர்களின் தலைநகர் இது. அரண்மனைச் சமையலின் நுணுக்கமும் நதிக்கரை ஏழைகளின் சிக்கனமும் ஒரே ஊரில் கலந்த இடம். உறைப்புக்குப் பழகிய தமிழ் நாக்கு வியட்நாமில் முதன்முதலாக நிம்மதியடைவதும் இங்கேதான்.

பூன் போ ஹுவேயை எல்லோரும் சொல்வார்கள். எலுமிச்சைப்புல்லும் இறால் விழுதும் மிளகாய் எண்ணெயும் சேர்ந்த சூப், உருண்டையான தடித்த நூடுல்ஸ். பெயரில் மாடு இருந்தாலும் கிண்ணத்தில் பன்றிக்காலும் உறைந்த இரத்தத் துண்டும் இருக்கும். ஆனால் ஹுவேயை அறிய வேண்டுமானால் கொம் ஹென் சாப்பிட வேண்டும்.

நறுமண ஆற்றின் நடுவே கோன் ஹென் என்றொரு சிறு தீவு. ஆற்று மணலிலிருந்து விரல்நுனி அளவுச் சிப்பிகளை அள்ளி, வேகவைத்து, சதையைப் பிரித்தெடுப்பது அங்குள்ளோரின் தொழில். கிண்ணத்தில் முதலில் வைப்பது ஆறின சோறு. சூடான சோறு போட மாட்டார்கள். அதன்மேல் வதக்கிய சிப்பி, மெல்லியதாக அரிந்த சேம்புத்தண்டு, புளிப்பான நட்சத்திரப்பழத் துண்டுகள், புதினா, வறுத்த வேர்க்கடலை, எள், பொரித்த பன்றித்தோல், ஒரு துளி இறால் விழுது, எண்ணெயில் வதக்கிய மிளகாய். பக்கத்தில் சிப்பி வெந்த தண்ணீர் ஆவி பறக்கத் தனிக் கிண்ணத்தில் வரும். அதைச் சோற்றில் கொஞ்சம் ஊற்றிக் கலந்து, மீதியை இடையிடையே குடிக்க வேண்டும். சில்லென்ற சோறும் கொதிக்கும் சாறும், புளிப்பும் உறைப்பும், மெல்லியதும் மொறுமொறுப்பும் ஒரே வாயில் வரும். ஒரு கிண்ணம் நான்கைந்து வாய்தான். இரண்டாவது கிண்ணம் கேட்பதில் வெட்கமில்லை. பன்றித்தோல் வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், கடைசியில் தூவுவதுதான் என்பதால் எளிதில் விட்டுவிடுவார்கள்.

பிற்பகலில் பான் பெயோ. சின்னஞ்சிறு கிண்ணங்களிலேயே ஆவியில் வேகவைத்த அரிசிமாவு, மேலே பொடித்த இறால். ஒரு தட்டில் பல கிண்ணங்கள் அடுக்கி வரும். டோங் பா சந்தைக்குள் போனால் இதையும், வாழையிலையில் மடித்த பான் நாமையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து முடிக்கலாம். உப்புக் காபியும் இந்த ஊரில் பிறந்ததுதான்.

சைவ உணவுக்காரர்களுக்கு

சைவ உணவுக்காரர்களுக்கு வியட்நாம் கடினம் என்று சொல்வது பாதி உண்மை. சாதாரணக் கடையில் போய் "இறைச்சி போடாமல் கொடுங்கள்" என்று கேட்டால் கடினம்தான். நுவோக் மாம் என்னும் மீன் சாறு உப்பின் இடத்தில் இருக்கிறது. காய்கறி வதக்கலிலும் அது உண்டு, சூப்பில் எலும்பு உண்டு, எண்ணெய்க்குப் பதில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். கீரை மட்டும் தட்டில் வந்தால் அது சைவம் என்று நம்பிவிட வேண்டாம்.

ஆனால் அந்த நாட்டிலேயே முழுக்க முழுக்கச் சைவமான ஒரு சமையல் மரபு இருக்கிறது. பௌத்த மடங்களில் வளர்ந்தது. அதன் பெயர் சாய். அந்தச் சொல் பலகையில் உள்ள கடையில் இறைச்சி, மீன், மீன் சாறு எதுவும் இருக்காது. கட்டுப்பாடான கடைகளில் முட்டையும் இருக்காது. வெங்காயம், பூண்டுகூட விலக்கியிருப்பார்கள். பூன் போ, ஃபொ, பான் செயோ எல்லாவற்றுக்கும் சாய் வடிவம் உண்டு. இறைச்சியைப் போலவே தோன்றும் சோயாத் துண்டுகளைப் பார்த்துப் பதறாதீர்கள். "தோய் ஆன் சாய்", அதாவது "நான் சைவம் சாப்பிடுபவன்" என்று சொன்னால் கேலியாகப் பார்க்க மாட்டார்கள், மரியாதையாகத்தான் பார்ப்பார்கள்.

இதில் நம்மூர் நாள்காட்டி உதவும். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் வியட்நாமில் பலர் சைவம் இருப்பார்கள். நமது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்கள்தான். ஒரு நாள் முன்பின் இருக்கலாம். அந்த நாட்களில் சாதாரணத் தெருக்கடைகள்கூடச் சைவம் போடும், பகோடா வாசல்களில் தற்காலிகக் கடைகள் முளைக்கும். ஏழாம் மாதப் பௌர்ணமியான வூ லான் அன்று இன்னும் அதிகம். பகோடாக்கள் நிறைந்த ஹுவேயில் அப்படி ஒரு நாள் அமையும்படி பயணத்தை வகுத்தால், பலாப்பிஞ்சுக் கலவையும் சைவக் கொம் ஹென்னும் உட்பட அந்த ஊரின் சமையலை முழுதாகவே ருசிக்கலாம். நாட்டில் சைவத்துக்கு முதலிடம் ஹுவேக்குத்தான் கொடுப்பேன்.

முட்டை சாப்பிடுபவர்களுக்கு எங்கும் கிடைக்கும் காலையுணவு பான் மீ ஒப் லா: சூடான சிறு வாணலியில் பொரித்த முட்டை, பக்கத்தில் ரொட்டி. ஈரல் விழுதும் பன்றித் துண்டும் சேர்த்துவிடுவார்கள், முன்பே வேண்டாம் என்று சொல்லுங்கள். பயறும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த செ இனிப்புகள் பெரும்பாலும் சைவம். ஹுவேயில் மட்டும் ஒரு வகையில் மாவு உருண்டைக்குள் சுட்ட பன்றியிறைச்சி வைப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

சொல்லிக் கேட்பதைவிட எழுதிக் காட்டுவது நல்லது. கோழிக்கும் மீனுக்கும் உள்ள சொற்கள் நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். தங்கும் விடுதியில் வரவேற்பறையில் இருப்பவரிடம், எவையெல்லாம் சாப்பிடமாட்டீர்கள் என்பதை வியட்நாமிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீன் சாறு, இறால் விழுது, பன்றிக் கொழுப்பு, எலும்புச் சூப் ஆகிய நான்கும் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். பன்றிக்கு வடக்கே லொன் என்றும் தெற்கே ஹேயோ என்றும் சொல்வார்கள். இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அது எதிலும் தூவப்படும்.

ஹாய் வான் கணவாய்க்குத் தெற்கே

ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு ரயிலில் போங்கள். ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் 1,726 கிலோமீட்டர் பாதையில் அழகான பகுதி இதுதான். கடலோரமாக மலையைச் சுற்றிப் போகும். மலையின் மறுபக்கம் இறங்கியதும் சாப்பாடும் மாறிவிடும்.

மீ குவாங்கில் சூப் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம்தான் இருக்கும். இன்னும் ஊற்றச் சொல்லிக் கேட்க வேண்டாம், அப்படித்தான் அது. பட்டையான நூடுல்ஸ், வாழைப்பூவும் இளங்கீரைகளும், வேர்க்கடலை, மேலே உடைத்துப் போடச் சுட்ட அரிசி அப்பளம். கோழி, விரால் மீன், தவளை என்று வகை உண்டு. ஹோய் ஆனில் காவ் லவ். அரிசியைச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்துச் செய்த, மெல்ல வேண்டிய நூடுல்ஸ். பா லே என்ற பழைய கிணற்றுத் தண்ணீரில்தான் செய்ய வேண்டும் என்பது ஊர் மரபு. அதில் பன்றியிறைச்சி உண்டு. அதே ஊரின் கோழிச்சோறு எல்லோருக்கும் பிடிக்கும். அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆன் பழைய நகரத்தில் வெள்ளம் புகுவது வழக்கம். அந்த மாதங்களைத் தவிர்க்கப் பாருங்கள்.

இன்னும் தெற்கே ஃபான் ராங்கில் பலர் இறங்குவதில்லை. நீங்கள் இறங்குங்கள். பழைய சம்பா அரசின் வழிவந்த சாம் மக்கள் இங்கே வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் இன்றும் இந்து வழிபாட்டு மரபினர், மாட்டிறைச்சி உண்பதில்லை. போ க்லோங் கராய் கோபுரக் கோயில் ஊரை ஒட்டியே இருக்கிறது. தெருவோரத்தில் மண்ணால் செய்த குழித் தட்டைக் கரியடுப்பில் வைத்து, அரிசிமாவை ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் குட்டி மண் மூடி போட்டு வேகவைக்கும் பான் கானைப் பார்த்தால் நம் குழிப்பணியாரம்தான் நினைவுக்கு வரும். மேலே முட்டையோ இறாலோ கணவாயோ வைப்பார்கள். துருவிய மாங்காயோடு சாப்பிட வேண்டும்.

சைகோனும் மேகோங் ஆற்று நாடும்

சைகோனின் காலையுணவு கொம் தம், அதாவது நொய்யரிசிச் சோறு. ஒரு காலத்தில் விற்க முடியாத உடைந்த அரிசியை உழவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். இன்று நகரமே அதைத் தேடிச் சாப்பிடுகிறது. கரியில் சுட்ட பன்றித் துண்டோடு தருவார்கள். வெறும் பொரித்த முட்டையோடும் கேட்கலாம்.

கா ரி என்ற பலகையையும் பார்ப்பீர்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து வேலைக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்கள், வட்டித்தொழில் செய்த நகரத்தார், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் என்று சைகோனில் ஒரு தமிழ்ச் சமூகம் இருந்தது. ட்ருவோங் டின் தெருவில் உள்ள மாரியம்மன் கோயில், நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில், தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் டோங் து தெருவில் கட்டிய பள்ளிவாசல் மூன்றும் இன்றும் இருக்கின்றன. மாரியம்மன் கோயிலில் இப்போது வழிபடுவோரில் பெரும்பாலோர் வியட்நாமியர். இந்தியர் கொண்டுவந்த மசாலாப் பொடி அங்கே எலுமிச்சைப்புல்லோடும் தேங்காய்ப்பாலோடும் சர்க்கரைவள்ளிக்கிழங்கோடும் சேர்ந்து வேறொன்றாகிவிட்டது. மொறுமொறுப்பான பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவார்கள். ஹலால் தேவைப்படுவோர் டோங் து பள்ளிவாசலைச் சுற்றித் தேடுங்கள்.

கான் தோ போனால் காய் ராங் மிதவைச் சந்தைக்கு விடியற்காலை ஐந்து மணிக்குப் படகேறுங்கள். சாலைகள் வந்தபின் அங்கே படகுகள் குறைந்துவிட்டன, அதைத் தெரிந்துகொண்டே போங்கள். படகிலேயே ஆவி பறக்கும் நூடுல்ஸ் இன்னும் கிடைக்கிறது. இந்த நாட்டில் நம் மனத்துக்கு மிக நெருக்கமான உணவு கான் சுவா: புளி, தக்காளி, அன்னாசி, வெண்டைக்காய், சேம்புத்தண்டு போட்டு விரால் மீனை வேகவைத்த குழம்பு. அகத்திப் பூவும் அதில் போடுவதுண்டு. செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆறு கரை மீறும் பருவத்தில் மஞ்சள் நிறச் சித்தகத்திப் பூ பூக்கும். அதுவும் குட்டி ஆற்று மீனும் போட்ட குழம்புக்காகவே அந்த மாதங்களில் போகலாம். தெற்கில் பான் செயோ என்னும் அரிசிமாவுத் தோசை அகலமானது. அதன் மஞ்சள் நிறம் முட்டையால் வந்ததன்று, மஞ்சள்பொடியால் வந்தது. கடுகுக் கீரையில் வைத்துச் சுருட்டிக் கையால் சாப்பிட வேண்டும்.

ஃபூ குவோக் தீவின் மீன் சாறு நெத்திலியும் உப்பும் மரத்தொட்டியில் ஓராண்டளவு ஊறி வடிவது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் இதற்குப் புவிசார் பாதுகாப்புக் கொடுத்தது. வாங்கி வர ஆசையிருந்தால் விமான நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள். பெட்டியில் ஏற்றவே விடாத நிறுவனங்கள் உண்டு.

காசு, சுத்தம், மேசை வழக்கம்

ஏறத்தாழ 300 டாங் ஒரு ரூபாய். தெருக்கடை ஃபொ 40,000 முதல் 70,000 டாங் வரை இருக்கும். 20,000 தாளும் 500,000 தாளும் இரண்டும் நீல நிறம். இருட்டில் மாற்றிக் கொடுத்துவிடாமல் தனித்தனியாக வையுங்கள். கடல் உணவை எடை போட்டு விற்பதால் கிலோ விலையை முதலில் கேட்டு, எடையையும் பார்த்துவிடுங்கள். மேசையில் வைத்திருக்கும் ஈரத்துண்டுக்கும் வேர்க்கடலைப் பொட்டலத்துக்கும் தனிக் காசு உண்டு, பிரிக்காவிட்டால் கேட்க மாட்டார்கள்.

கூப்பிடும்போது வயதுக்கேற்ற உறவுமுறை சொல்வதுதான் அங்கே மரியாதை. அக்கா வயதுள்ளவரைச் "சி ஓய்" என்றும், அண்ணன் வயதுள்ளவரை "ஆன் ஓய்" என்றும், இளையவரை "எம் ஓய்" என்றும் அழைப்பார்கள். இப்படிக் கூப்பிட்டால் முகம் மலர்ந்து வருவார்கள். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை.

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். நடுவில் துளையுள்ள உருளைப் பனிக்கட்டி தொழிற்சாலையில் செய்தது, பரவாயில்லை. கொதிக்கும் சூப்பை நம்பலாம். வெயிலில் நின்ற இறைச்சியையும் விழுதையும் நம்பக் கூடாது. 2024 மே மாதத்தில் டோங் நாய் மாகாணத்தில் ஒரே கடையின், இறைச்சி வைத்த ரொட்டியான பான் மீயைச் சாப்பிட்ட 500-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். பான் மீயைக் காலையில், கூட்டம் உள்ள கடையில் வாங்குங்கள். வயிறு பழகும்வரை முதல் இரண்டு நாள் பச்சைக் கீரையைச் சூடான சூப்பில் அமிழ்த்திச் சாப்பிடுங்கள். தியெத் கான் என்னும் உறையவைத்த பச்சை இரத்தத்தை யார் வற்புறுத்தினாலும் தொடாதீர்கள். மூளைக்காய்ச்சலையும் காது கேளாமையையும் உண்டாக்கும் கிருமி பன்றி இரத்தத்தின் வழியாகப் பரவுகிறது.

கடைசியாக, பயணத் தேதியைக் குறிக்கும் முன் டெட் என்னும் சந்திரப் புத்தாண்டு எப்போது வருகிறது என்று பாருங்கள். ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும். கடைக்காரர்கள் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். நல்ல கடைகள் பல நாட்கள் பூட்டியிருக்கும், திறந்திருக்கும் கடைகளில் விலை கூடும். சாப்பாட்டுக்காகப் போகிறவர்கள் அந்த வாரத்தில் போக வேண்டாம்.